கறை வேறு, அழுக்கு வேறு

எங்கள் குடும்பத்தில் சுத்தம் என்றால் நான்தான். இதை நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. மற்றவர்களிடம் விட்டால் 'சுத்தப் பைத்தியம்' என்று முடித்துவிடுவார்கள். என் பிழைப்பே சலவைக் கடை. காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் சோப்புத் தண்ணீரில் ஊறுகிற கை இது. இந்தக் கையைப் பார்த்து யாராவது அழுக்கு என்று சொன்னால் அவர்கள் கண்ணைத்தான் முதலில் கழுவ வேண்டும்.

கடையில் ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடமாவது நான் சண்டை போடுவேன். சட்டையைத் தூக்கிக் காட்டி, "இந்த எடத்துல அழுக்குப் போகலையே" என்பார்கள். "இது அழுக்கு இல்லீங்க, கறை. கறை வேற, அழுக்கு வேற. துணி சுத்தமாத்தான் இருக்கு, தாராளமா போட்டுக்கலாம்" என்பேன். நம்ப மாட்டார்கள். முகர்ந்து பாருங்கள் என்பேன். அப்போதும் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வாங்கிப் போவார்கள்.

எனக்கு நேர் எதிர் என் தம்பி. மோட்டார் சைக்கிள் மெக்கானிக். அவனுக்கும் ஒரு பேர் வைத்தார்கள், அது சர்டிபிகேட்டில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி எல்லோருக்கும் அவன் கிரீஸ். அவன் பெண்டாட்டியே "கிரீஸ் வந்தாச்சா?" என்றுதான் கேட்பாள். விரல் ரேகையெல்லாம் மசி ஓடி, நகத்தடியில் கறுப்புக் கோடு கட்டி, அந்தக் கையை எத்தனை தேய்த்தாலும் அப்படியேதான் இருக்கும். என் வீட்டுக்கு வந்தால் முதலில் வெளிக் குழாய். அவனுக்கென்று தனியாக ஒரு சோப்பு, ஒரு துண்டு. உள்ளே வந்தாலும் கையை மடியில் வைத்துக்கொண்டு சோபா நுனியில்தான் உட்காருவான்.

"எதையாவது தொட்டுத் தொலைக்காதடா" என்பேன்.

"ஏன்க்கா, நான் தொட்டா உன் சோபா ஸ்டார்ட் ஆயிடுமா?" என்பான். வாய்க்கு மட்டும் ஒன்றும் குறைச்சல் இல்லை.

கல்யாணமாகி வெகு காலம் கழித்துத்தான் அவனுக்குக் குழந்தை உண்டானது. உண்டானதும் ஓர் அவசரக்காரி. ஏழாம் மாதமே புறப்பட்டு வந்துவிட்டாள். பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தபோது, இத்தனூண்டு உடம்பில் எங்கள் வீட்டு மூக்கை எப்படி ஒட்டினார்கள் என்றுதான் தோன்றியது. அவ்வளவு பொடிசு.

அறுவை செய்து எடுத்தார்கள். எடுத்த கையோடு தாய்க்குக் காய்ச்சலும் இருமலும் பிடித்துக்கொண்டது. ஒட்டுகிற காய்ச்சல் என்று அவளைக் கீழ்மாடியில் தனி அறையில் போட்டுவிட்டார்கள். குழந்தை மேல்மாடியில், சின்னப் பிறவிகளை எல்லாம் வைத்திருக்கிற கண்ணாடி அறையில். பெற்றவள் பிள்ளையை போனில்தான் பார்த்தாள். "அண்ணி, இன்னொரு போட்டோ அனுப்புங்க, இதுல கால் தெரியல" என்று என்னை நச்சரித்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அந்தக் காலைத்தான் பார்க்க வேண்டும். ஏனென்றால் எல்லாத் தொல்லையும் அந்தக் காலில்தான் இருந்தது.

கண்ணாடி அறைக்குப் பொறுப்பு ஒரு நர்ஸ். நான் வைத்த பேர் சோப்பு சிஸ்டர். வாசலைத் தாண்டினதும் ஒரு சின்ன முன்னறை. அதில் ஒரு பெரிய கை கழுவும் தொட்டி, முழங்கையால் தள்ளித் திறக்கிற குழாய். அதற்குப் பக்கத்தில் சிஸ்டர் நின்றால், முதலமைச்சரே வந்தாலும் முழங்கை வரைக்கும் கழுவாமல் உள்ளே போக முடியாது. எனக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. நம்ம ஜாதி என்று நினைத்தேன், அதாவது சுத்தக்கார ஜாதி.

அந்த சிஸ்டர்தான் எங்கள் இரண்டு பேரையும் முன்னறைக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள்.

"பாப்பா மூச்சு தானா விடுறா, பாலும் எறங்குது. ஆனா ஒடம்புல சூடு நிக்க மாட்டேங்குது. எப்பத் தொட்டாலும் கால் ஜில்லுனு கெடக்கு. குடிக்கிற பாலெல்லாம் சூட்டுக்கே செலவாயிட்டா எடை எங்கேருந்து ஏறும்? யாராவது நெஞ்சுல போட்டுக்கணும். சட்டை இல்லாம, தோல் மேல தோல் படணும். அந்தச் சூடு மாதிரி எந்தக் கண்ணாடிப் பெட்டிச் சூடும் வராது."

"போட்டுக்கலைன்னா?" என்றான் கிரீஸ்.

"இப்படியே போனா திரும்ப மூச்சு மெஷின்ல வெக்கணும். அதுல புதுசா ஏதாவது ஒட்டிக்கிச்சுன்னா தாங்குற ஒடம்பு இல்ல தம்பி இது." சிஸ்டர் ஒளிக்காமல் சொன்னாள். "தாய் காய்ச்சல் விடாம வர முடியாது. உங்க ரெண்டு பேர்ல யாரு?"

கிரீஸின் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. நான் ஓர் அடி முன்னால் வந்தேன். "இதுல என்ன யோசனை? நான்தான். அத்தைன்னு எதுக்கு இருக்கேன்?"

சிஸ்டர் முதலில் என் மோதிரத்தைக் கழற்றச் சொன்னாள். பிறகு வளையல். பிறகு கைக்கடிகாரம். எல்லாவற்றையும் கழற்றி என் தம்பியின் சட்டைப்பையில் போட்டேன். அதோடு விட்டாளா? "கண்ண மூடிக்குங்க. கையில கொஞ்சம் நீலச் சாயம் ஊத்துறேன். அதையே சோப்புனு நெனச்சு, எப்பவும் கழுவுற மாதிரி தேய்ங்க" என்றாள்.

என்னிடமா? சலவைக்காரியிடமா? சிரித்துக்கொண்டே தேய்த்தேன். நன்றாக, பரபரவென்று தேய்த்தேன். "போதும், பாருங்க" என்றதும் கண்ணைத் திறந்தேன். உள்ளங்கை இரண்டும் நீலம். சரி. திருப்பினால் புறங்கையில் பாதிக்குமேல் நீலமே இல்லை. விரல் இடுக்கில் இல்லை. நகத்தடியில் இல்லை. கட்டை விரல் இரண்டும் இந்தக் கூத்துக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லாதது போல் நின்றன.

"நீலம் படாத எடமெல்லாம் சோப்பு படாத எடம்மா. கிருமிக்கு வாடகை இல்லாத வீடு" என்றாள் சிஸ்டர். "எல்லாரும் கட்ட வெரலத்தான் மறப்பாங்க. கொழந்தையத் தூக்குறப்ப மொதல்ல படுறதே அதுதான்."

எனக்கு வந்ததே கோபம். எத்தனை வருஷமாக வெளுத்துக்கொண்டிருக்கிறேன், என்னிடம் போய்... என்று வாயைத் திறந்தேன். வார்த்தைக்குப் பதிலாகத் தும்மல் வந்தது. அந்த நீலக் கையை வைத்தே மூக்கைப் பொத்தினேன்.

என் தம்பி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகு குலுங்கியது. பிறகுதான் தெரிந்தது, என் மூக்கு முழுக்க நீலம்.

"சளியாம்மா?" என்றாள் சிஸ்டர்.

"சேச்சே, ஏசி காத்து ஒத்துக்கல" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு தும்மல்.

அவ்வளவுதான். சிஸ்டர் ஒரு முகமூடியை எடுத்து என் காதில் மாட்டினாள். "சளி போற வரைக்கும் நீங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கந்தான். தம்பி, அப்ப நீங்க."

கிரீஸின் சிரிப்பு நின்றுவிட்டது. மெதுவாகக் கையை முன்னால் கொண்டுவந்து காட்டினான். "இதப் பாத்துட்டுமா சொல்றீங்க சிஸ்டர்? எங்கக்கா என்னைய அவ சோபாவக்கூடத் தொட விடமாட்டா."

வேடிக்கையாகத்தான் சொன்னான். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. சிஸ்டர் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் அவன், "நாளைக்கு சுத்தமா வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு, என் மோதிரம் வளையலோடு ஓடியே போய்விட்டான்.

மறுநாள் காலையில் வந்தவன் கையைப் பார்த்தேன். பட்டறைக்குப் போய் முதலில் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்திருக்கிறான். பிறகு சலவைத்தூளில் மணலைக் கலந்து தேய்த்திருக்கிறான். அதிலும் போகவில்லை என்று செயின் தேய்க்கிற கம்பி பிரஷ்ஷை எடுத்திருக்கிறான், மடையன். கை இரண்டும் சிவந்து வீங்கி, முட்டிக்கு முட்டி வெடித்து, ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. அவ்வளவும் செய்து நகத்தோரத்துக் கறுப்பு மட்டும் அசையவில்லை.

"கொஞ்சம் போயிருக்குல்ல சிஸ்டர்?" என்று கேட்டான். அவன் முகத்தில் இருந்த ஆசையைப் பார்க்க முடியவில்லை.

சிஸ்டர் அவன் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு திட்ட ஆரம்பித்தாள். நானே அசந்து போகிற திட்டு. "யாரு ஒங்கள இப்படிப் பண்ணச் சொன்னது? நேத்து இருந்த கையோட வந்திருந்தா, அஞ்சு நிமிஷத்துல கழுவவெச்சு உள்ள விட்டிருப்பேன். இப்ப எப்படி விடுவேன்? வெடிப்பு வெடிப்பா இருக்கு, இதுக்குள்ளதான் கிருமி குடியிருக்கும். இத எப்படிக் கழுவுறது?"

"கறுப்பா இருந்துதே சிஸ்டர்..."

"கறுப்பா இருந்தா என்ன? அது கறை தம்பி, அழுக்கு இல்ல. தோல்ல ஏறின சாயம். அது பாப்பாவ ஒண்ணும் பண்ணாது. பண்றது கண்ணுக்குத் தெரியாது. அது சோப்புல போயிடும், ஒழுங்காக் கழுவினா."

நான் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தபடி வாயை மூடிக்கொண்டேன். தினமும் பத்துப் பேரிடம் நான் தொண்டை கிழியச் சொல்கிற அதே பேச்சு. துணிக்குச் சொன்னதைக் கைக்குச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

சிஸ்டர் களிம்பு போட்டுக் கட்டிவிட்டாள். புண் ஆறும் வரை பட்டறைப் பக்கமே போகக் கூடாது, ஈரம் படக் கூடாது என்றாள். அவனும் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தான். தினமும் சிஸ்டர் வெளியே வந்து சொல்லுவாள்: "எடை அப்படியேதான் இருக்கு. கால் ஜில்லுனுதான் இருக்கு." அதை நான் கீழ்மாடிக்கு போனில் சொல்லுவேன். அந்தப் பக்கம் இருமல் மட்டும் கேட்கும். குழந்தை அழுகிற வீட்டில் தூங்காமல் இருக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். குழந்தை பக்கத்தில் இல்லாததால் தூங்காமல் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

கட்டுப் போட்ட கையோடு கிரீஸ் சும்மா இருக்கவில்லை. தொட்டிக்கு மேலே சுவரில் கை கழுவுகிற படம் ஒட்டியிருந்தது. அதைக் கதவு இடுக்கு வழியாகப் பார்த்துப் பார்த்து, பெஞ்சில் உட்கார்ந்தபடி சோப்பும் தண்ணீரும் இல்லாமலே பழகினான். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, விரல் முதுகு, கட்டை விரல், நகம், மணிக்கட்டு. "இது கார்புரேட்டர் கழுவுற மாதிரிதான்க்கா" என்றான். "வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி பெட்ரோல் வர்ற ஓட்டைல ஒக்காந்துக்கும், வண்டி கெளம்பாது. வெளிய பாத்து ஏமாறக் கூடாது." எனக்கும் சொல்லிக் கொடுத்தான். நான் கட்டை விரலை விட்டுவிட்டால், "அக்கா, கட்ட வெரலு" என்பான். கொஞ்சம் அதிகமாகவே சந்தோஷப்பட்டுக்கொண்டு சொன்னான்.

புண் ஆறிவிட்டது. தோல் மூடிவிட்டது. சிஸ்டர் பார்த்துவிட்டு, "இன்னைக்கே வாங்க தம்பி" என்றாள்.

"நாளைக்கு வர்றேன் சிஸ்டர்" என்றான்.

மறுநாள் அவனுக்கு நெஞ்சில் ஏதோ அரிப்பு. அதற்கு மறுநாள் தலை வலிக்கிற மாதிரி இருக்கிறதாம், காய்ச்சலாக இருந்தால் என்ன செய்வது என்றான். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"ஏன்டா இப்படிப் படுத்துற? அங்க அவ கால் வெறைச்சுக் கெடக்குறா. இங்க நீ சாக்கு சொல்லிட்டு ஒக்காந்திருக்க. ஒனக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?" பெஞ்சில் இருந்த மற்ற குடும்பங்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்திவிட்டேன். என் குரல் அப்படி.

அவன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். "படத்துல இருக்கிறதெல்லாம் தெரியும்க்கா. ஆனா என் கை பட்டு அவளுக்கு ஒண்ணு ஆயிடுச்சுன்னா? எத்தனை வருஷம் கழிச்சு வந்தவ. கீழ இருக்கிறவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? டாக்டர் இருக்காரு, சிஸ்டர் இருக்காங்க. அவங்க பாத்துக்கட்டும். நான் தூரத்துல இருந்தே அப்பனா இருந்துக்கறேன்."

 அவன் முதுகில் தட்டிக் கொடுத்தேன். முகமூடிக்குள் என் மூக்கு ஒழுகியது, பாதி சளி, பாதி வேறு.

அப்போதுதான் உள்ளே இருந்து அந்தச் சத்தம் கேட்டது. பீப், பீப், பீப் என்று விடாமல். கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் இரண்டு நர்ஸ்கள் எங்கள் பாப்பாவின் பெட்டிப் பக்கம் ஓடுகிறார்கள். டாக்டர் வராந்தாவில் வேகமாக வந்தார், நெட்டை மனிதர், எங்களைப் பார்க்காமலே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது. சத்தமும் நின்றது. அது நின்றதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

வாசலில் ஒரு காவல்காரர் உட்கார்ந்திருப்பார். நல்ல மனுஷன், ஆனால் பேச்சில் ரொம்பச் சிக்கனம். கிரீஸ் அவரிடம் போய், "ஐயா, கொஞ்சம் எட்டிப் பாருங்களேன். என் கொழந்தைக்கு என்னாச்சு? டாக்டர் என்ன சொல்றாரு?" என்றான். 

அவர் எழுந்து, கதவைக் கொஞ்சமாகத் திறந்து, தலையை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்தார். பிறகு திரும்பிச் சொன்னார்:

"டாக்டர் கை கழுவிட்டாருப்பா."

சொல்லிவிட்டு, லிப்டில் இருந்து யாரோ தள்ளுவண்டியோடு இறங்குவதைப் பார்த்து, அதைப் பிடிக்கப் போய்விட்டார்.

 கை கழுவிவிட்டாரா? இத்தனை நாள் வைத்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு சுலபமாகவா? கிரீஸ் சுவரைப் பிடித்துக்கொண்டான். முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. விழுந்துவிடுவான் என்று நான் பிடிக்கப் போனேன். விழவில்லை. கண்ணை ஒரு தடவை இறுக மூடித் திறந்தான். நிமிர்ந்தான்.

"அவரு கை கழுவிட்டா கழுவிட்டுப் போகட்டும்க்கா. எம் புள்ளைய நான் எடுத்துக்கறேன்."

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனான். நானும் பின்னாலேயே ஓடினேன். அவன் நேராகக் கண்ணாடி அறைக்குள் பாய்ந்துவிடுவான் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் பாய்ந்திருப்பேன். அவன் தொட்டி முன்னால் நின்றான். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினான். முழங்கையால் குழாயைத் தள்ளினான். சோப்பை எடுத்துக் கழுவ ஆரம்பித்தான்.

அவனை அங்கே விட்டுவிட்டு நான் கண்ணாடியைத் தட்டினேன். தட்டினேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. டாக்டர் இரண்டு கையையும் மேலே தூக்கியபடி வெளியே வந்தார்.

"எப்படி டாக்டர் நீங்க கை கழுவலாம்?" என்று பிடித்துக்கொண்டேன். "ஒங்களை நம்பித்தானே விட்டோம்? பெத்தவ கீழ காய்ச்சல்ல கெடக்குறா, அவளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? மனசாட்சி வேண்டாமா? ஒரு வார்த்தை எங்களைக் கேட்டீங்களா?"

டாக்டர் திருதிருவென்று விழித்தார். என் விரல் அவர் சட்டையைத் தொடப் போனது. அவர் துள்ளிப் பின்னால் நகர்ந்தார். "தொடாதீங்கம்மா! இப்பத்தான் கை கழுவியிருக்கேன். கழுவாம எப்படிம்மா கொழந்தையத் தொடுறது? இதுக்கு ஒங்களை வேற கேக்கணுமா?"

அவருக்குப் பின்னால் சிஸ்டர் முதலில் புரிந்துகொண்டாள். வாயைப் பொத்திக்கொள்ள முடியாமல், கையும் கழுவின கையாக இருந்ததால், தலையை மட்டும் குனிந்துகொண்டு சிரித்தாள். "யாரு சொன்னா ஒங்களுக்கு? நம்ம வாசல்காரரா? அட ராமா! பாப்பா கால ஒதைச்சதுல ஒயர் கழண்டுடுச்சும்மா. அதான் அந்தச் சத்தம். பாப்பா நல்லா இருக்கா. டாக்டர் கைய... கைய சோப்புப் போட்டுக் கழுவினாரு, அவ்வளவுதான்."

எனக்கு உட்கார இடம் வேண்டியிருந்தது. அங்கே நாற்காலி இல்லை. சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தேன், சிரிக்கும்போதே அழுதேன். "டேய், கேட்டியாடா? பாப்பா நல்லா இருக்காடா!" என்று திரும்பினேன்.

அவனுக்குக் கேட்கவில்லை. தண்ணீர்ச் சத்தம். குனிந்து நின்றபடி கழுவிக்கொண்டிருந்தான். குழந்தை கையைவிட்டுப் போய்விட்டது, எல்லோரும் விட்டுவிட்டார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிற ஒருத்தன், விரல் இடுக்கை விடவில்லை, நகத்தை விடவில்லை. வலது கட்டை விரலை இடது கைக்குள் வைத்துச் சுழற்றினான். பிறகு இடது கட்டை விரல். கண்ணீர் மூக்கு நுனியில் வந்து சொட்டிக்கொண்டிருந்தது. என் தம்பியை நான் அவன் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அன்றைக்கு எனக்கு அவனைப் பிடித்துப்போனது போல் என்றைக்கும் பிடித்துப்போனதில்லை.

பக்கத்தில் போய்க் காதருகே கத்தினேன். அவன் நிமிர்ந்தான். புரிவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும், "நெசமாவா?" என்று புறங்கையால் கண்ணைத் துடைத்தான்.

"போச்சு!" என்றாள் சிஸ்டர். "மூஞ்சியத் தொட்டாச்சா? மறுபடியும் மொதல்லேருந்து."

கிரீஸ் தன் கையைப் பார்த்தான். குழந்தை நன்றாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் பழைய பயம் திரும்பி வருவதை நான் என் கண்ணால் பார்த்தேன். கை மெதுவாக முதுகுப் பக்கம் போகப் பார்த்தது. "அப்ப... நாளைக்கு..." என்று இழுத்தான்.

"நாளைக்கும் இல்ல, நாளான்னைக்கும் இல்ல" என்றாள் சிஸ்டர். "டாக்டர் கைவிட்டுட்டாருன்னு நெனச்சப்ப எடுக்க வந்தீங்கல்ல, அதே கைதான் தம்பி வேணும். கழுவுங்க."

கழுவினான். மறுபடி உள்ளங்கையிலிருந்து மணிக்கட்டு வரை. அழுகை நிற்கவில்லை, துடைக்கவும் முடியவில்லை. சிஸ்டரே ஒரு காகிதத் துண்டை எடுத்து, சின்னப் பிள்ளைக்குத் துடைப்பது போல் அவன் முகத்தைத் துடைத்துவிட்டாள். "கைய மேல தூக்கிக்குங்க. எதையும் தொடாதீங்க. சட்டப் பட்டன நான் அவுத்துவிடறேன்."

நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். சாய்வு நாற்காலியில் அவனை உட்காரவைத்தார்கள். வெறும் நெஞ்சில், தொப்பியும் இடுப்புத் துணியும் மட்டும் போட்ட எங்கள் அவசரக்காரியைக் கவிழ்த்து வைத்து மேலே போர்வையைப் போர்த்தினார்கள். அவன் ஒரு கையை அவள் முதுகில் வைத்தான், ஒரு கையால் காலைப் பொத்திக்கொண்டான். மூச்சுக்கூட அளந்துதான் விட்டான். ரேகையெல்லாம் கறுப்பு ஓடின அந்தக் கை எத்தனை சுத்தம் என்று எனக்குத் தெரியும். நான் பார்த்துக்கொண்டேதானே இருந்தேன்.

வெகு நேரம் அப்படியே இருந்தான். நான் நகரவே இல்லை. பிறகு தலையைத் தூக்கிக் கண்ணாடிப் பக்கம் பார்த்து ஏதோ சொன்னான். கேட்கவில்லை. என்னடா என்று சைகை காட்டினேன். வாயை அகலமாகத் திறந்து, எழுத்து எழுத்தாகச் சொன்னான்.

"கால்... சூடாயிடுச்சுக்கா."

நான் வராந்தாவுக்கு ஓடிப் போய்க் கீழ்மாடிக்கு போன் போட்டேன். "அம்மாடி, பாப்பா கால் சூடாயிடுச்சுடி."

அந்தப் பக்கம் இருமல் நின்றது.  பிறகு, "யாரு வெச்சிருக்கா அண்ணி?" என்றாள்.

"வேற யாரு? ஒன் கிரீஸ்தான்."

 மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அப்புறம் கேட்டாளே ஒரு கேள்வி:

"அவரு கைய நல்லாக் கழுவினாரா அண்ணி?"

எனக்கு மூக்குமேல் கோபம் வந்துவிட்டது. என் தம்பியைப் பார்த்து யாரடி அப்படிக் கேட்பது?

"ரெண்டு தடவ கழுவினான்டி" என்றேன்.  முகமூடியை விலக்கிக் கண்ணையும் மூக்கையும் துடைத்துக்கொண்டேன். பிறகு போனை வைத்துவிட்டு, வராந்தாக் கோடியில் இருந்த குழாய்க்குப் போய் என் கையைக் கழுவினேன், கட்டை விரல் இரண்டையும் சேர்த்து.